புறாக்கூண்டுக்கு இவ்வளவு ஆழமா?

குழிக்குள் போன் அடித்தது!

கொத்தனார் ஜல்லி பரப்புவதை நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். கொல்லைப்புறத்தில் யாரும் இல்லை. அவருடைய போன் சட்டையோடு சேர்ந்து மரக்கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுபடியும் அடித்தது.

காலுக்கு அடியில்... ஜல்லிக்கும் அடியில்!

"அம்மா... இங்க கொஞ்சம் வாங்க!"

சமையலறை வாசலில் வீட்டுக்காரி வந்து நின்றாள். காதில் போன்.

"என்ன கொத்தனாரே?"

"இந்தக் குழிக்குள்ள யாரோட போனோ அடிக்குதும்மா!"

அவள் காதிலிருந்து போனை எடுத்தாள். இணைப்பைத் துண்டித்தாள். குழியில் சத்தம் நின்றது.

மறுபடியும் அழுத்தினாள்.

குழி மறுபடியும் பாடியது!

"அது... அது எங்க வீட்டுக்காரர் போன்!"

வீட்டுக்காரர் என்றால் புறாக்காரர். அந்தத் தெருவில் அவரை வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மொட்டை மாடி முழுக்கப் பந்தயப் புறாக்கள். எவ்வளவு தூரத்தில் கொண்டு போய் விட்டாலும் நேராக வீட்டுக்கு வந்து இறங்குகிற ரகம்.

காலையில்தான் சொல்லிவிட்டுப் போனார்.

"வக்கீலப் பாத்துட்டு வந்துடறேன். அப்புறம் ரெண்டு பேருமா போலீஸ் ஸ்டேஷன் போகலாம்."

எதற்கு போலீஸ்?

புறாக்காரருக்கு ஒரு தம்பி. வைரம் பட்டை தீட்டும் பட்டறையில் வேலை. வேலை முடிந்து வெளியே வருகிறவர்களை உச்சி முதல் உள்ளங்கால் வரை தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். ஆனால் உள்ளே போகிறவனின் சாப்பாட்டுப் பையை யார் பார்க்கிறார்கள்? பைக்குள் ஒரு புறா போகும். அதன் காலில் கல் ஏறும். கழிப்பறை ஜன்னல் வழியாகப் பறக்கும். தம்பி வெறுங்கையை வீசிக்கொண்டு வீடு வந்து சேருவதற்குள், வைரம் மொட்டை மாடியில் தானியம் கொத்திக்கொண்டிருக்கும்!

முந்தாநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள், ஒரு புறாவின் காலில் பொட்டலத்தைப் பார்த்தாள். பிரித்தாள். வீடு இரண்டுபட்டது.

"நீங்களா போய்ச் சொல்லிட்டா தண்டனையாவது குறையும். இல்லேன்னா நான் போய்ச் சொல்லுவேன். சத்தியமாச் சொல்லுவேன்!"

புறாக்காரர் அழுதார். ஒப்புக்கொண்டார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் உள்ள போறதுக்கு முன்னாடி என் புறாவுங்களுக்குக் கொல்லையில ஒரு நல்ல கூண்டா கட்டிடறேன். மூட்டுவலியோட நீ மாடி ஏறி இறங்க முடியாது பாரு..."

அவள் மனசு இளகிவிட்டது. ஜெயிலுக்குப் போகும்போதும் என் மூட்டுவலியை நினைக்கிறாரே இந்த மனுஷன் என்று கண் கலங்கினாள்.

இப்போது அந்தக் கூண்டின் அஸ்திவாரக் குழியில்தான் அவர் போன் அடிக்கிறது!

"ஜல்லிய அள்ளுங்க கொத்தனாரே! சீக்கிரம்!"

கொத்தனார் குனிந்தார்.

"நான் அப்பவே நெனச்சேம்மா. புறாக்கூண்டுக்கு எதுக்கு இவ்வளவு ஆழம்? நான் வர்றதுக்கு முன்னாடியே உங்க கொழுந்தனார் தோண்டி வச்சிட்டு, அடியில ஜல்லிய மட்டும் பரப்புன்னாரு. என்னத்தப் புதைக்கப் போறாருன்னு நானே..."

அவர் முடிக்கவில்லை.

டங்!

மண்வெட்டியின் பின்பக்கம் அவர் பின்மண்டையில் இறங்கியது. குப்புற விழுந்தார். காதுக்குப் பின்னால் கிழிந்து, ஜல்லியெல்லாம் சிவந்தது.

செங்கல் குவியலின் மறைவிலிருந்து வந்த தம்பி குழி விளிம்பில் நின்றான். கையில் மண்வெட்டி.

'அண்ணன் போனை எங்கேயோ தவறவிட்டுட்டார் போல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் குற்றவாளிக்கு அவ்வளவு நிதானம் இருந்தால் போலீசுக்கு வேலை ஏது?

"வீல்!" என்று அலறினாள் அவள். பக்கத்து வெல்டிங் பட்டறையின் இரைச்சலில் அந்த அலறல் கரைந்து போனது. உள்ளே ஓடினாள். சமையலறைக் கதவைத் தாழிட்டாள்.

தட்! தட்! தட்!

"அண்ணி! கதவத் திறங்க!"

"கொலகாரப் பாவி! அவர என்னடா பண்ணின?"

"ஐயோ அண்ணி... அண்ணன நான் ஒண்ணும் பண்ணல. நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க!"

"சரணடையறேன்னு சொன்னாருன்னுதானே? அவர் சொன்னா நீயும் மாட்டுவேன்னுதானே? கூடப் பொறந்தவரையே குழியில போட்டுட்டியேடா!"

கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் பின்வாங்கியது.

பிறகு... தாழ்ப்பாள் பிய்ந்து பறந்தது!

உள்ளே பாய்ந்தவன் அவள் கூந்தலைப் பிடித்துச் சுழற்றி அடுப்பு மேடையில் மோதினான். அவள் கையை ஊன்றினாள். சுண்டுவிரல் மடங்கி 'மளுக்'கென்றது. வலியில் கண் இருண்டது. போன் எங்கேயோ விழுந்து உடைந்தது.

அடுப்பில் கொத்தனாருக்காக வைத்த தேநீர்த் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

பாத்திரத்தோடு எடுத்து அவன் முகத்தில் அடித்தாள்!

"ஆஆஆ!"

முகத்தைப் பொத்திக்கொண்டு சுருண்டான். தோல் கையோடு வந்தது.

அவள் தெருவாசலுக்கு ஓடியிருக்கலாம். தப்பித்திருக்கலாம். ஆனால் புருஷன் குழிக்குள் கிடக்கிறான் என்று நினைக்கிறவளுக்குத் தெருவாசல் தெரியுமா? கொல்லைக்குத்தான் ஓடினாள். குழிக்குள் குதித்தாள். கொத்தனாரின் காலை ஒதுக்கிவிட்டு, உடைந்த விரலோடு ஜல்லியை வாரி வாரிக் கொட்டினாள்.

"ஏங்க... ஏங்க... இதோ வந்துட்டேங்க!"

போன் கிடைத்தது.

அதற்குக் கீழே... வெறும் கட்டாந்தரை!

ஆள் இல்லை. துணி இல்லை. ஒன்றுமே இல்லை.

தொப்!

பின்சுவரிலிருந்து யாரோ குதித்தார்கள். திரும்பினாள்.

புறாக்காரர்! முழுசாக, உயிரோடு! கையில் ஒரு சின்னப் பிரம்புக்கூடை. அதற்குள் அவருடைய செல்லப் பந்தயப் புறா. மார்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நடைக்காக அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார். வெளியே கிளம்பினால் அது இல்லாமல் போகமாட்டார். கூடையை அலுங்காமல் கீழே வைத்தார்.

"உயிரோட இருக்கீங்களா!" குழியிலிருந்து ஏறி ஓடிப் போய்க் கட்டிக்கொண்டு கதறினாள். "உங்க தம்பி கொத்தனார அடிச்சிட்டாருங்க... என்னையும் கொல்ல வந்தாரு... வாங்க, ஓடிடலாம்!"

"அழாதம்மா... அழாத."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"உங்க போன் எப்படிங்க குழிக்குள்ள போச்சு?"

பெருமூச்சு விட்டார்.

"படுத்துப் பாத்தேன்."

"என்னது?"

"நீளம் சரியா இருக்கான்னு குழியில படுத்துப் பாத்தேன்டி. நீயும் நானும் ஒரே உயரம்தானே? சட்டைப் பையிலேர்ந்து போன் நழுவியிருக்கு. நான் கவனிக்கல."

அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அப்போது, தலையைத் தடவிக்கொண்டிருந்த கை கழுத்துக்கு வந்திருந்தது.

"வக்கீலப் பாக்கப் போறேன்னு..."

"பின்னால சந்துலதான் நின்னுட்டிருந்தேன். கொத்தனார் சாப்பிடப் போனதும் வரலாம்னு. அதுக்குள்ள நீ போன் பண்ணித் தொலைச்சிட்ட. புருஷன் ஒரு வேலையா வெளிய போனா உனக்குப் பொறுக்காதே!"

கழுத்து இறுகியது. அவள் நகத்தால் கீறினாள். கடித்தாள். முழங்காலால் உதைத்தாள். அதற்குள் தம்பி தள்ளாடிக்கொண்டே வந்தான். முகம் வெந்து, ஒரு கண் மூடிப்போயிருந்தது.

"அவ கண்ண நோண்டு அண்ணே!"

அவன் விட்ட உதையில் அவள் விலா முறிந்தது. கட்டுக்கம்பியால் கைகளைப் பின்னால் சேர்த்து முறுக்கினார்கள். கால்களையும் முறுக்கினார்கள். தூக்கிக் குழிக்குள் கொத்தனார் மேல் எறிந்தார்கள். குழியின் நாலு மூலையிலும் தூணுக்காக நட்டிருந்த கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன.

தம்பி மண்வெட்டியைக் கையில் எடுத்தான்.

"ரெண்டு பேரையும் முடிச்சிட்டு கான்கிரீட்டக் கொட்டிடுவோம். அந்தக் கம்பியெல்லாம் மடக்கிடு. மொத்தமாத் தளம் போட்டுடலாம்."

கடப்பாரையோடு வந்த புறாக்காரர் நின்றார்.

"மொத்தமாவா?"

"ஆமா."

"டேய்... புறாக்கூண்டத் தரையோட ஒட்டி வைக்கவே கூடாதுடா! நாலு தூண் போட்டு, இடுப்பு உயரத்துலதான் கூண்டு. அடியில காத்து போகணும். இல்லேன்னா ஈரம் ஏறிப் புறாவுக்குச் சளி பிடிச்சிடும்!"

தம்பி ஒற்றைக் கண்ணால் அண்ணனை வெறித்தான்.

"கீழ ரெண்டு பொணம் கிடக்கப் போகுது. உனக்குப் புறாவுக்குச் சளி பிடிக்கிறதுதான் கவலையா?"

"பொணத்துக்கு இனிமே ஒண்ணும் பிடிக்காதுடா! புறா அப்படியா?"

"காத்து போனா நாத்தமும் வரும். ஊரே மூக்கப் பொத்திக்கிட்டு வந்து நிக்கும். தளம்தான்!"

"தூண்தான்!"

"தளம்!"

குழிக்குள் அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். சாகப் போகிறோம். அதுவும் இந்த இரண்டு பைத்தியங்கள் கையால்!

அப்போது... அவள் விரலை யாரோ தொட்டார்கள்.

கத்த வாயெடுத்தாள்.

"சத்தம் போடாத தங்கச்சி..." அடியிலிருந்து காற்றாக ஒரு குரல். கொத்தனார்!

"அண்ணே... உயிரோட இருக்கீங்களா?"

"மண்டைக்குள்ள மிக்ஸர் ஓடுது... கைய என் பக்கம் திருப்பு. கட்டுக்கம்பிதானே... தெனம் முறுக்கற கம்பிதான்."

ரத்தத்தில் வழுக்கும் விரல்களால் முறுக்கைப் பிரிக்க ஆரம்பித்தார்.

"ஒண்ணு சொல்றேன் தங்கச்சி... பெரியவர் சொல்றதுதான் நியாயம். புறாக்கூண்டுக்குத் தூண்தான் சரி."

"அண்ணே!"

"சரி, சரி..."

மேலே சண்டை முற்றிவிட்டது.

"கல்லத் திருடறது நான்! சோதனையில செத்துச் செத்துப் பொழைக்கறது நான்! உனக்கு என்ன தெரியும்? புறா, புறா, புறா! ஒழியட்டும் உன் புறா!"

தம்பி பிரம்புக்கூடையை உதைத்துத் திறந்தான். மாப்பிள்ளையை ஒரே பிடியாகப் பிடித்தான்.

"டேய்... வேணாம்டா!"

செங்கல் குவியலில் ஓங்கி அறைந்தான்!

இறகுகள் பறந்தன. புறா தரையில் விழுந்தது. கழுத்து துவண்டு சாய்ந்தது.

புறாக்காரர் புறாவைப் பார்த்தார். கடப்பாரையைத் தூக்கினார்.

முதல் அடி தம்பியின் தோளை உடைத்தது.

"அண்ணே!"

இரண்டாவது அடி தாடையில். மூன்றாவது அடி விழுந்தபோது 'அண்ணே' என்று சொல்ல அவனுக்கு வாய் இல்லை. அதற்கப்புறமும் கடப்பாரை நிற்கவில்லை. செங்கல் குவியலின் மேல் மல்லாந்து கிடந்தவனின் தலை இருந்த இடத்தில், பார்க்கக்கூடியதாக எதுவும் மிச்சமில்லை.

குழி விளிம்புக்கு மேல் தலையைத் தூக்கி அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். சின்ன வயசிலிருந்து அவள் கையால் சோறு தின்றவன். அந்த நிலையிலும் அவளுக்கு நெஞ்சு பதறியது.

புறாக்காரர் மண்டியிட்டார். தம்பியிடம் அல்ல... புறாவிடம்!

"மாப்பிள்ள... மாப்பிள்ள... கண்ணத் திறடா!"

தேம்பித் தேம்பி அழுதார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பிக் குழியைப் பார்த்தார்.

"எல்லாம் உன்னாலதான்டி!"

விளிம்புக்கு வந்து நின்றார். கடப்பாரையின் நுனி அவள் நெஞ்சுக்கு நேராக உயர்ந்தது. கைக்கட்டு அவிழ்ந்துவிட்டது. கால்கட்டு அவிழவில்லை. ஓட முடியாது. மிஞ்சியிருந்தது வாய் ஒன்றுதான்.

"ஏங்க! மாப்பிள்ள மூச்சு விடறான்!"

கடப்பாரை நின்றது.

"என்னது?"

"கண்ணத் திறந்தான்! நான் பாத்தேன்! றெக்க ஆடுது பாருங்க!"

பச்சைப் பொய்! கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் சொன்ன முதல் பொய்.

கடப்பாரையைப் போட்டுவிட்டுச் சட்டென்று திரும்பினார். அங்கேயே குனிந்து புறாவை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் எம்பினாள். அவருடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்தாள். முறிந்த விலா உள்ளே குத்த, உடம்பில் இருந்த மொத்த பலத்தையும் சேர்த்து இழுத்தாள்!

தடுமாறிப் புரண்டு, மல்லாக்கக் குழிக்குள் வந்து விழுந்தார்.

சதக்!

மூலைத் தூணுக்கு நட்டிருந்த கம்பி அவர் தொடையின் பின்பக்கம் நுழைந்து முன்பக்கம் வந்தது. தூண் வேண்டும் என்று அடம் பிடித்தது அவர்தானே!

"ஆஆஆ... ஐயோ... எடுடி... எடுத்து விடுடி!"

அலறிக்கொண்டே ஒரு கையால் அவள் கழுத்தை எட்டிப் பிடித்தார். அவள் கை விளிம்பில் துழாவியது. கடப்பாரை அகப்பட்டது.

"இது கொத்தனாருக்கு!"

மணிக்கட்டு முறிந்தது.

"இது உங்க தம்பிப் பையனுக்கு!"

முழங்கை முறிந்தது.

"இது... என் மூட்டுவலியப் பத்திக் கவலப்பட்டீங்களே... அதுக்கு!"

முழங்கால் சில்லு நொறுங்கியது!

அவர் போட்ட கூச்சல் வெல்டிங் இரைச்சலையும் மீறித் தெரு வரைக்கும் கேட்டது. பட்டறைக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டுச் சுவரேறி எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஒருவர் அங்கேயே வாந்தி எடுத்தார். இன்னொருவர் போலீசுக்குப் போன் போட்டார்.

ஜீப் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. கம்பியை அறுத்துத்தான் புறாக்காரரை வெளியே எடுக்க முடிந்தது.

பெண் இன்ஸ்பெக்டர் செங்கல் குவியலைச் சுற்றி வந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தார்.

"உங்க தம்பிய யாரு கொன்னது?"

"நான்தான் கொன்னேன்! நூறு தடவ கொல்லுவேன்! அவன் என் மாப்பிள்ளயக் கொன்னுட்டான்!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

"மாப்பிள்ளையா? யோவ் ஏட்டு... இன்னொரு பாடி வேற இருக்காய்யா? தேடுங்க!"

"பாடி இல்ல மேடம்... புறா," என்றார் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்த கொத்தனார். "அதோ கிடக்கு பாருங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பட்டறை, சாப்பாட்டுப் பை, கழிப்பறை ஜன்னல், பொட்டலம், ஜல்லிக்கு அடியில் போன்... ஒன்று விடாமல் சொன்னாள்.

"அந்தப் புறா கால்ல கல்லு கட்டற பை இன்னும் இருக்கு மேடம்."

"அப்போ அதுவும் சாட்சிதான். ஏட்டு, எடுத்துக் கவர்ல போடுங்க."

ஏட்டு குனிந்தார். இரண்டு விரலால் புறாவைத் தூக்கினார்.

"மேடம்..."

"என்னய்யா?"

"இது... சூடா இருக்கு மேடம்."

புறா ஒரு கண்ணைத் திறந்தது.

மூடியது. மறுபடியும் திறந்தது. செங்கல்லில் மோதி மயங்கிக் கிடந்த மாப்பிள்ளை, கழுத்தை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, 'எங்கே இருக்கிறோம்?' என்பதுபோல் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. தான் சொன்ன பொய் கண் திறந்து முழிக்கிறதே!

ஸ்ட்ரெச்சரில் கிடந்த புறாக்காரரின் வாய் திறந்தபடியே நின்றது. புறாவைப் பார்த்தார். துணி போர்த்திய தம்பியைப் பார்த்தார். மறுபடியும் புறாவைப் பார்த்தார்.

"சாகலியா...?"

ஏட்டு புறாவை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அப்போ... தம்பிய நான்... எதுக்கு..." அவர் குரல் உடைந்தது. "டேய்... தம்பி! எந்திரிடா! மாப்பிள்ள சாகலடா... எந்திரிடா தம்பி!"

முதல் தடவையாகத் தம்பிக்காக அழுதார். எழுந்திருக்க வேண்டியவன் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். அவருடைய நல்ல கையில் விலங்கு மாட்டி ஸ்ட்ரெச்சர் கம்பியோடு பூட்டினார் ஒரு போலீஸ்காரர்.

படபடபட!

ஏட்டின் கையை உதறிக்கொண்டு மாப்பிள்ளை கிளம்பியது. கொல்லையை ஒரு வட்டமடித்தது. மரத்தைத் தாண்டியது. வெல்டிங் பட்டறையைத் தாண்டியது.

"மேடம்! சாட்சி பறந்து போச்சு!"

"பிடிங்கய்யா! என்னய்யா பாத்துட்டு நிக்கறீங்க? ஜீப்ப எடுங்க!"

உடைந்த விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

"விடுங்க மேடம். அது எங்க போனாலும் பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடும்... இவரு வராமப் பாத்துக்குங்க, அது போதும்!"